தண்ணீர் குடிக்காத கால்

என் இடது கால் முழங்காலுக்குக் கீழே ஒரு சாண்தான் இருக்கிறது. மீதியைப் பெரிய ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். அப்போது எனக்கு இருபத்தைந்து வயது இருக்கும். மலாயாவில், ரெங்கத்துக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் காலை மழை ஈரத்தில் வழுக்கி விழுந்தபோது, வெட்டிப் போட்டிருந்த மூங்கில் கட்டை கணுக்காலில் குத்தியது. சின்னக் காயம். துணியைக் கிழித்துக் கட்டிக்கொண்டு அன்றைய பாலை எடுத்து முடித்தேன். பத்து நாளில் அது புண்ணாகி, புண் குழியாகி, குழிக்குள் எலும்பு தெரிந்தது. தோட்டத்து டிரஸர் தனக்குத் தெரிந்த மருந்தெல்லாம் வைத்துப் பார்த்துவிட்டு என்னை ரயிலேற்றி அனுப்பினார்.

திரும்பி வந்தபோது ஸ்டேஷனிலிருந்து மாட்டு வண்டி. வண்டியிலிருந்து, கூலிக்காரர் வரிசை வீடான லயத்து அறைவரை என் வீட்டுக்காரர் முதுகில் சுமந்து போனார். அறைகளுக்கு முன்னால் ஓடும் அஞ்சடி நடையில் நின்ற பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு பார்த்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை. எப்போது கீழே இறக்கிவிடுவார் என்றுதான் இருந்தது.

என்னால் ஓரிடத்தில் உட்கார முடியாது. பிறந்ததிலிருந்தே அப்படி. கப்பலில் வந்தபோதுகூட மற்றவர்கள் சுருண்டு கிடக்க, நான் மேல்தட்டில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே வந்தவள். அப்படிப்பட்டவளை ஒரு அறைக்குள் வைத்தால் என்ன செய்வாள்? அறையிலிருந்து அஞ்சடிக்கு நகர்வேன். அஞ்சடியிலிருந்து அறைக்கு. தரையில் தேய்ந்து சேலையின் பின்பக்கம் நைந்துபோயிற்று. அக்கம்பக்கத்து அரிசியையெல்லாம் வாங்கிப் புடைத்தேன். கிழிசல்களைத் தைத்தேன். என் மூன்று வயது மகள் ஓடினால் பிடிக்க முடியாது என்பதால், அவள் இடுப்பில் கயிறு கட்டி மறுமுனையை என் கையில் சுற்றிக்கொண்டேன். விடியுமுன் பெரட்டுக்கு, ஆள் கணக்கெடுக்க, மணி அடிக்கும். எல்லாரும் வாளியும் கத்தியுமாகப் போகிற சத்தம் கேட்கும். அந்த நேரம் பார்த்து, இல்லாத அந்தப் பாதம் அரிக்கும். சொறியக் குனிந்தால் பாய்தான் இருக்கும்.

ஆஸ்பத்திரியில் கக்கத்தில் வைக்கும் கோல் ஒன்று கொடுத்தார்கள். சேற்றில் அது ஒரு முழம் இறங்கிவிடும். தவிர, கோலைப் பிடிக்க ஒரு கை போய்விட்டால் ஒற்றைக் கையால் என்ன வேலை செய்ய? ஆயாக் கொட்டகையில் பிள்ளை பார்க்கும் வேலை கேட்டேன். ஓடுகிற பிள்ளையை நீ எப்படிப் பிடிப்பாய் என்று கேட்டார்கள். என் மகளின் இடுப்புக் கயிறு எனக்கே நினைவு வந்தது. திரும்பி வந்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர் புகைவீட்டில் வேலை பார்த்தார். பாலை உறையவைத்து அழுத்திய தகடுகளை வரிசையாகத் தொங்கவிட்டு, கீழே தீ மூட்டிப் புகையில் காயவைக்கிற இடம். இரவும் பகலும் தீ அணையாமல், அதிகமும் ஆகாமல் பார்க்க வேண்டும். அதற்கு ஏற்ற மனிதர். நான் நூறு வார்த்தை பேசினால் அவர் ஒன்று பேசுவார். நான் படும் பாட்டைப் பார்த்து, விழுந்து கிடந்த பால்மரத்தின் கிளை ஒன்றைக் கொண்டுவந்து எனக்கு ஒரு கட்டைக் கால் செதுக்கினார். கனமென்றால் அப்படி ஒரு கனம். இருந்தாலும் அதைக் கட்டிக்கொண்டு அஞ்சடியின் நீளத்துக்கு நடந்தேன். ஒரு மாதம்கூட ஆகவில்லை, காலையில் எழுந்தால் கட்டையின் கீழே வெள்ளை மாவு கொட்டிக் கிடந்தது. வண்டு துளைத்துவிட்டது. ஒரு நாள் தண்ணீர்க் குழாயடியில் அது நடுவில் முறிந்து, என் முகம் சிமெண்டில் மோதிப் பல் ஒன்று ஆடியது.

ஞாயிற்றுக்கிழமைகளில் லயத்துக்கு ஒரு மலாய்க்காரி வெற்றிலையும் வாழைப்பழமும் விற்க வருவாள். ஓடைக்கு அந்தப் பக்கத்து மலாய்க் கிராமத்தில், கம்பத்தில், வீடு. என் வயதுதான். நாலாவது பிள்ளையை வயிற்றில் சுமந்துகொண்டிருந்தாள். அவள் மலாயில் பேசுவாள். நான் பாதித் தமிழும் பாதி மலாயுமாகப் பேசுவேன். சண்டை போடக்கூட அது எங்களுக்குப் போதும். முறிந்த கட்டையை எடுத்துத் தட்டினாள். மாவு கொட்டியது.

"அலமாக்! இது கால் இல்ல, ரொட்டி," என்றாள். "எதுக்கு இவ்வளவு கனம்? புலாய் வேர் எடுத்துக்கோ. சதுப்பில கெடக்கு. ஒத்த விரல்ல தூக்கலாம்."

அடுத்த வாரம் ஒரு துண்டு கொண்டுவந்தாள். பார்த்ததும் தெரிந்துகொண்டேன், எங்கள் ஊரில் ஏழிலைப்பாலை என்போமே, அந்த இனம். வெள்ளை வெளேரென்று, கையில் இருப்பதே தெரியாத மரம். துரைமார் தலையில் வைக்கிற தொப்பிக்குள்ளும் இந்த மாதிரி வேர்தான் இருக்கிறது என்றாள். என் பழைய பால்வெட்டுக் கத்தியை எடுத்தேன். அதன் நுனி வளைந்து வாய்க்கால் மாதிரி இருக்கும். மரத்தைக் குடைய அதைவிட நல்ல ஆயுதம் கிடையாது. என் குறைக்காலை உள்ளே விட்டுப் பார்த்து, எடுத்து, சீவி, மறுபடியும் விட்டுப் பார்த்து, நாலு நாளில் ஒரு கிண்ணமும் அதன் கீழே ஒரு தண்டுமாகச் செதுக்கிவிட்டேன். கிண்ணத்துக்குள் இலவம்பஞ்சு. தொடையோடு சேர்த்துக் கட்ட ரப்பர் தகட்டில் வார். மகளின் இடுப்புக் கயிற்றை அவிழ்த்தேன். அவள் ஓடினாள். நான் பின்னால் போனேன்!

மழை வரும்வரைக்கும்தான் அந்தச் சந்தோஷம். புலாய் வேர் கடற்பஞ்சு மாதிரி தண்ணீரைக் குடித்தது. அரை நாள் ஈரத்தில் நடந்தால் கட்டை இரண்டு மடங்கு கனக்கும். கிண்ணம் ஊதிக் குறைக்காலை நெரிக்கும். வெயில் வந்தால் வெடிக்கும். தண்டின் அடி நசுங்கி விளக்குமாற்று நுனி போல விரிந்தது. உள்ளே நாறத் தொடங்கி, என் தோலும் புண்ணானது. அந்தப் புண்ணைப் பார்த்த அன்று என் வீட்டுக்காரர் முகம் வெளிறியது. முதல் கால் போனதும் புண்ணால்தானே.

அந்தச் சமயத்தில்தான் ரப்பர் விலை, எங்கள் பேச்சில் கித்தா விலை, விழுந்தது. வாரம் ஆறு நாள் வேலை நாலாகி, நாலு மூன்றானது. சில தோட்டங்களில் மரம் சீவுவதையே நிறுத்திவிட்டதாகச் சொன்னார்கள். ஊருக்குப் போக விரும்புகிறவர்கள் ஆபீஸில் பேர் கொடுத்தால் கப்பலில் ஏற்றி அனுப்புவதாக வேலையை மேற்பார்க்கும் மண்டோர் லயம் லயமாகச் சொல்லிக்கொண்டு போனார்.

ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே என் வீட்டுக்காரர் சொன்னார்: "நம்மளும் பேரு குடுத்துடலாம்."

"எதுக்கு?"

"அங்க எங்கம்மா இருக்கு. ஒன்னைப் பாத்துக்கும். நீ இப்படி மரத்தோட மல்லுக்கட்ட வேணாம்."

அவருக்கு என்மேல் இருந்த கவலைதான் அப்படிப் பேசவைத்தது. அது எனக்குத் தெரியும். ஆனால் எனக்குக் கண் முன்னால் தெரிந்தது வேறு. ஒரு வீட்டு மூலை, ஒரு பாய், யாரோ கொண்டுவந்து வைக்கும் தட்டு. சாகும்வரை அதுதான். "நான் நடந்து வர்ற மாதிரி இருந்தா கப்பல் ஏறுவேன்," என்றேன். "தூக்கிட்டுப் போறதா இருந்தா நீங்க மட்டும் போங்க." அவர் எழுந்து கை கழுவப் போனார்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே அவசரம். மரத்தைத் தண்ணீர் குடிக்காமல் பண்ண வேண்டும். தேங்காயெண்ணெய் தடவினேன், எறும்பு வந்தது. மலாய்க்காரியின் புருஷன் ஆற்றுச் சம்பான்களுக்கு ஒழுகல் அடைப்பவன். படகு மரம் தண்ணீரிலேயே கிடக்கிறதே, அதற்கு என்ன போடுவார்கள் என்று அவளிடம் கேட்டேன். இடுப்புத் துணியில் முடிந்து ஒரு கட்டி கொண்டுவந்தாள். மஞ்சளாய், கண்ணாடி உடைசல் போல. டாமார் என்றாள். தீயில் காட்டியதும் வாசனை வந்தது. அடடே, நம் குங்கிலியம்! காட்டு மரத்தில் வடிந்து கெட்டியாகிற பிசின்.

உருக்கி மேலே பூசினேன். முதல் நாள் பளபளவென்று இருந்தது. இரண்டாம் நாள் நடக்கும்போது செதில் செதிலாகத் தெறித்தது. கிண்ணத்துக்குள் இருந்த செதில் தோலில் குத்தி ரத்தம் வந்தது. மலாய்க்காரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவள் வெற்றிலைக் கூடையைத் தள்ளிவிட்டேன். அவள் வெற்றிலைகளைப் பொறுக்கி அடுக்கிக்கொண்டே, "அதோட எண்ணெய் சேக்கணும் லா. வெறும் டாமார் அப்படித்தான் ஒடையும்," என்றாள். காட்டு மரத்தில் துளை போட்டு எடுக்கிற எண்ணெய், அது கலந்தால் பிசின் வளைந்து கொடுக்கும் என்றாள். எவ்வளவு என்று கேட்டேன். தெரியாது, அதெல்லாம் ஆண்கள் கண்ணளவில் ஊற்றுவது என்றாள்.

பூசினால் உரிகிறது என்றால் உள்ளே போகவைக்க வேண்டும். அதுதான் என் யோசனை. லயத்துக்குப் பின்னால் அடுப்பு மூட்டி, மண்ணெண்ணெய்த் தகரத்தில் டாமாரையும் எண்ணெயையும் காய்ச்சி, புதிதாகச் செதுக்கிய கட்டையை அதற்குள் இறக்கினேன். மரத்தில் ஈரம் இருந்தது. அது என்ன செய்யும் என்று எனக்குத் தெரியவில்லை. தகரத்துக்குள் சடசடவென்று நுரை கிளம்பிப் பால் பொங்குவது போல வழிந்து அடுப்பில் இறங்கியது. ஆள் உயரத்துக்குத் தீ. மேலே அத்தாப்பு ஓலைக் கூரை. நான் ஒற்றைக் காலில் குதித்துப் போய் ஈரச் சாக்கை இழுத்து அதன்மேல் போட்டேன். பக்கத்து வீட்டுப் பெண் மண்ணை அள்ளிக் கொட்டினாள். கூரை பிழைத்தது. என் புருவம் போயிற்று.

கிராணி வந்தார். ஆபீஸ் கணக்கப்பிள்ளை. வெள்ளைக் கால்சட்டையில் சேறு படாமல் தள்ளி நின்று கத்தினார். "லயத்தையே கொளுத்தப் பாத்தியா? ஒத்தக் கால்ல இவ்வளவு சேட்டையா ஒனக்கு? இன்னொரு தடவ இங்க தீ மூட்டுனே, அன்னிக்கே வெளிய போகணும், ஆமா!"

"வேற எங்க மூட்டட்டும், ஐயா?"

"ஓடைக்கு அந்தப் பக்கம் போ! தோட்டத்துக்குள்ள கூடாது."

அவர் விரட்டத்தான் சொன்னார். நான் அதை அனுமதியாக எடுத்துக்கொண்டேன். மறுநாளே மலாய்க்காரியின் கம்பத்து ஓரத்தில், ஓடைக்கரையில் மூன்று கல் வைத்தேன். கோலை ஊன்றிக்கொண்டு அங்கே போய்ச்சேர அரை மணி நேரமாகும். மகள் தகரத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு முன்னால் போவாள்.

ஈரத்தைப் போக்க என்ன செய்வது? இந்த மழை ஊரில் வெயிலை நம்ப முடியாது. என் வீட்டுக்காரர் கட்டையையும் சில துண்டு மரங்களையும் சாக்கில் சுற்றி எடுத்துப்போனார். இரண்டு வாரம் கழித்துத்தான் சொன்னார், புகைவீட்டில் தகடுகளுக்கு நடுவே தொங்கவிட்டிருப்பதாக. ஊருக்குப் போகலாம் என்று சொன்ன அதே மனிதர். ஒரு நாள் மண்டோர் உள்ளே வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, "யார்யா இது, கால மட்டும் தொங்கவிட்டுட்டுப் போனது?" என்று கேட்டாராம். இவர் தீயைக் கிண்டிக்கொண்டே, "நம்ம வீட்டுதுங்க. காயட்டும்னு போட்டேன்," என்றாராம். மண்டோர் சிரித்துவிட்டுப் போனதால் தப்பித்தோம்.

காய்ந்த துண்டுகளை வைத்துத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். எண்ணெய் அதிகமானால் நடுப்பகலில் பிசுபிசுத்து மண் ஒட்டியது. குறைந்தால் வெடித்தது. ஒரு சிரட்டை எண்ணெய்க்கு மூன்று சிரட்டை டாமார் என்று ஒருவழியாகப் பிடிபட்டது. ஆனால் எப்படிக் காய்ச்சினாலும் பிசின் ஒரு நகக்கண் ஆழத்துக்குமேல் இறங்கவில்லை. வெட்டிப் பார்த்தால் உள்ளே அதே வெள்ளை. அதற்குள் எங்கள் லயத்திலேயே இரண்டு குடும்பம் பேர் கொடுத்துவிட்டது. தினமும் யாராவது தட்டுமுட்டுச் சாமானை விற்றார்கள்.

அப்போது ஒரு மத்தியானம், தகரத்தில் ஒரு துண்டை இறக்கி மேலே கல்லை வைத்து அமுக்கியிருந்தேன். மரத்திலிருந்து குமிழ் குமிழாகக் காற்று வந்துகொண்டிருந்தது. மலாய்க்காரி தன் வீட்டு வாசலிலிருந்து என்னைக் கூப்பிட்டாள். குரலே சரியில்லை. வலி கண்டுவிட்டது. அவள் புருஷன் ஆற்றில் இருந்தான். அடுப்பிலிருந்து கொள்ளியை இழுத்துப் போட்டுவிட்டு, தகரத்தை அப்படியே விட்டு, கோலோடு அவள் வீட்டுப் படியைத் தவழ்ந்து ஏறினேன். அவள் மூத்த பெண்ணை மருத்துவச்சியிடம் ஓடச்சொன்னேன். அந்த மருத்துவச்சிக் கிழவி வந்துசேரும்வரை மலாய்க்காரி என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். என் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு நெரித்தாள். சாயங்காலம் பையன் பிறந்தான். இருட்டுவதற்குள் நான் லயத்துக்குத் திரும்ப வேண்டியிருந்தது. தகரத்தை மறந்தே போனேன்.

மறுநாள் போய்ப் பார்த்தால், பிசின் ஆறிக் கெட்டியாகி, மரமும் கல்லும் அதற்குள் மாட்டிக்கொண்டு அசையவில்லை. ஒரு வாரத்து டாமார் வீண் என்று வாய்விட்டுத் திட்டினேன். மறுபடியும் மெதுவாகச் சூடாக்கி, இளகியதும் துண்டை இழுத்தேன். கை தாழ்ந்தது. அது கனத்தது. பாராங்கத்தியால் குறுக்கே பிளந்தேன். நடுவரைக்கும் பழுப்பு! ஒரு வெள்ளைப் புள்ளிகூட இல்லை.

துண்டை ஓடையில் போட்டுவிட்டு உட்கார்ந்து யோசித்தேன். சூட்டில் மரத்துக்குள் இருக்கும் காற்று வெளியே போய்விடுகிறது. நான் அவசரப்பட்டுச் சூட்டோடு எடுத்ததால் இத்தனை நாளும் அது வெளியில் இருக்கும் காற்றையே திரும்ப உறிஞ்சியிருக்கிறது. பிசினுக்குள்ளேயே ஆறவிட்டால் பிசினை உறிஞ்சும். இவ்வளவுதான் விஷயம். எனக்கு மட்டும் பொறுமை இருந்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். ஓடையிலிருந்து துண்டை எடுத்துத் துடைத்தேன். தண்ணீர் அதன்மேல் ஒட்டவே இல்லை.

முழுக் காலையும் ஊறவைத்தால் கல்லைக் கட்டிக்கொண்டு நடக்கிற மாதிரி இருக்கும். அதனால் தண்டின் அடியில் ஒரு சாண் மட்டும் நன்றாக ஊறவிட்டேன். பிறகு தலைகீழாக நிறுத்திக் கிண்ணத்தை மேலாக்காக நனையவிட்டேன். நடுவே வெறும் பூச்சு. சூட்டோடு சாம்பலும் சாக்கும் போட்டுத் துடைத்து, ஐந்து நாள் காற்றாட வைத்தேன். அந்த ஐந்து நாளும் நான் இருந்த இருப்பை லயத்தில் யாரும் மறந்திருக்கமாட்டார்கள். எல்லாரோடும் சண்டை.

ஆறாம் நாள் காலையில் காலைக் கட்டிக்கொண்டிருந்தேன். மழை இடித்துப் பெய்தது. பக்கத்து வீட்டுப் பெண் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏக்கா, நீங்களும் போறீங்களாமே? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே."

"எங்க போறோம்?"

"அடுத்த கப்பலுக்கு. அண்ணன் பேரு குடுத்தாச்சுன்னு கிராணி வீட்ல சொன்னாங்க. அம்மிக்கல்ல விக்கிறதா இருந்தா எனக்குக் குடுங்கக்கா."

மகளை அவளிடம் விட்டேன். கோலை எடுக்கவில்லை. லயத்திலிருந்து ஆபீஸ் ஒன்றரை மைல், செம்மண் சடக்குப் பாதை, ஏற்றம் ஒன்று, மரப்பாலம் ஒன்று. மழையில் நனைந்துகொண்டு நடந்தேன். சேறு தண்டை இழுத்தது, உருவி வைத்தேன். இரண்டு தடவை விழுந்தேன். பாலத்தில் பலகைக்கு நடுவில் தண்டு சிக்கியபோது உட்கார்ந்து இரண்டு கையாலும் இழுத்தேன். கால் கனக்கவில்லை, கிண்ணம் நெரிக்கவில்லை என்பது பாதி வழியில்தான் உறைத்தது. அதைக் கொண்டாடக்கூட எனக்கு மனசில்லை. அவர் எனக்குத் தெரியாமல் பேர் கொடுத்துவிட்டாரே என்பதே மண்டைக்குள் சுற்றியது.

கிராணி மேஜையிலிருந்து தலையைத் தூக்கி, என்னை மேலிருந்து கீழே பார்த்தார். கால்சட்டைக்காரர் முன்னால் நான் தலைமுதல் கால்வரை சேறு.

"எங்க பேரு இருக்கா, ஐயா?"

காகிதத்தைப் புரட்டினார். இங்கிலீஷில் இருந்ததை விரல் வைத்துத் தமிழில் சொன்னார். "புருஷன், பொஞ்சாதி, பொம்பளப் புள்ள ஒண்ணு." விரலை அடுத்த வரிக்கு நகர்த்தினார். "பொஞ்சாதி, வேல செய்ய முடியாதவ."

"இது யாரு சொன்னது?"

"ஒன் புருஷன் சொன்னதைத்தான் எழுதினேன்."

"எடுத்துடுங்க."

"நீ சொன்னா எடுக்க முடியாது. அவன் வந்து சொல்லணும்."

நான் நகரவில்லை. ஆபீஸ் வராந்தாவில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். புகைவீட்டிலிருந்து அவர் ஓடிவந்தார். மூச்சு வாங்கியது; சட்டையெல்லாம் புகை நாற்றம். என்னைப் பார்த்தார், என் பின்னால் சடக்கில் பள்ளம் பள்ளமாகக் கிடந்த தடத்தைப் பார்த்தார். ஒரு பக்கம் பாதம், ஒரு பக்கம் வட்டக் குழி.

"நடந்தா வந்தே?"

"வேல செய்ய முடியாதவன்னு சொன்னீங்களாமே."

"அப்படிச் சொன்னாத்தான் சீக்கிரம் அனுப்புவாங்கன்னாங்க." "இன்னொரு புண்ணு வந்துச்சுன்னா நான் என்ன பண்ணுவேன், சொல்லு? ஒன்னை ஒரு தடவ வண்டியில ஏத்தி அனுப்பினேனே, அது போதும் எனக்கு."

கல்யாணமாகி அவ்வளவு நீளமாக அவர் பேசியது அன்றுதான். என் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. குனிந்து வாரை அவிழ்த்து, காலைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன். தூணில் சாய்ந்துகொண்டேன். அவர் கிண்ணத்துக்குள் விரலை விட்டுத் தடவினார். பஞ்சு வேர்த்து நனைந்திருந்தது, மரம் காய்ந்திருந்தது. தண்டின் அடியை நகத்தால் கீறிப் பார்த்தார். பிறகு மண்டியிட்டு அதை அவரே எனக்குக் கட்டிவிட்டார். கிராணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எடுத்துடுங்க ஐயா," என்றார் என் வீட்டுக்காரர்.

"யோசிச்சுச் சொல்லு. புகைவீட்டை அடுத்த மாசம் மூடப்போறாங்க. பேரை எடுத்துட்டா இங்க வேலையும் இல்ல, லயமும் இல்ல. கப்பலும் போயிடும்."

"சரிங்க. எடுத்துடுங்க."

அப்படித்தான் தோட்டத்தை விட்டோம். மலாய்க்காரியின் புருஷன் டாமார் வாங்கப் போகிற படகுப் பட்டறை ஒன்று பத்து பாகாட் என்கிற ஊரில் ஆற்றோரம் இருந்தது. அவனே ஒரு லாரியில் பேசி ஏற்றிவிட்டான். பட்டறை முதலாளியான சீனத் தவுக்கேவுக்குப் பிசின் காய்ச்சுகிற இடத்தில் தீயைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. புகைவீட்டுக்காரருக்கு அது தெரிந்த வேலை. முதல் சில மாதம் பட்டறைக்குப் பின்னால் ஒரு சாய்ப்பில் கிடந்தோம். மழை பெய்தால் சமைக்க முடியாது. மகளுக்குக் காய்ச்சல் வந்து போனது. தப்புச் செய்துவிட்டேனோ என்று ஒவ்வொரு நாளும் நினைத்தேன்; அவரிடம் கேட்கவில்லை.

கடைத்தெருவில் சீனப் பெண்கள் மரக்கட்டைச் செருப்புப் போட்டு நடப்பார்கள். புலாய் மரத்துச் செருப்பு லேசாக இருக்கும். ஆனால் ஈரத்தில் ஆணி கழன்றுவிடும், குதி நசுங்கிவிடும். அதை முதலில் பார்த்தது என் கண். மற்றவர்கள் முகத்தைப் பார்ப்பார்கள், நான் காலைத்தானே பார்த்துக்கொண்டிருந்தேன். பட்டறையில் மிச்சமாகும் துண்டு மரத்தைக் கேட்டு வாங்கினேன். செதுக்கி, தீ மேடைக்குமேல் காயவைத்து, அடிப்பக்கத்தைப் பிசினில் ஊறவைத்து, ஊறிய தகரத்திலேயே ஆறவிட்டு எடுத்தேன். பழைய டயரை அறுத்து வார் அடித்தேன். ஆணி போய் உட்கார்ந்தால் அப்புறம் குறடு போட்டாலும் வராது. முதல் ஜோடியைக் காப்பிக் கடைக்காரர் மனைவி வாங்கிப்போனாள். மீன் கடைப் பெண்கள் அவள் காலைப் பார்த்துவிட்டுத் தேடி வந்தார்கள். பிறகு கத்திப்பிடி கேட்டார்கள், அகப்பைக்காம்பு கேட்டார்கள். எனக்குப் பிடித்தது என்னவென்றால், செய்ததைக் கூடையில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய் விற்பதுதான். உட்கார்ந்து விற்கச் சொல்லி அவர் ஒரு பலகை அடித்துக்கொடுத்தார். அதில் நான் ஒரு வாரம்கூட உட்காரவில்லை.

இரண்டாம் வருஷம் ஊரிலிருந்து கடிதம் வந்தது. அவர் அம்மா போய்விட்டார். கடிதம் எங்கள் பழைய தோட்டத்துக்குப் போய், அங்கே கிடந்து, யார் யாரோ கைமாற்றி வந்திருந்தது. நான்தான் படித்துச் சொன்னேன். அவர் கேட்டு முடித்துவிட்டுத் தீக்கு விறகு தள்ளினார். தீயைப் பார்த்துக்கொண்டே, "அந்தக் கப்பல்ல போயிருந்தா பாத்திருப்பேன்," என்றார்.

அந்த ஒரு தடவைதான் சொன்னார்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு போய் என்ன என்று சொன்னவர், கித்தா விலை கொஞ்சம் நிமிர்ந்ததும் தானாகவே டிக்கெட் எடுத்துவந்தார். தனியாகத்தான் போனார். அண்ணன் தம்பிகளைப் பார்த்துவிட்டு மூன்று மாதத்தில் வருவதாகச் சொன்னார். ஏழு மாதம் ஆனது. முதலில் இரண்டு கடிதம் வந்தது, பிறகு ஒன்றுமில்லை. பட்டறைத் தீயை நானே பார்த்துக்கொண்டேன். செருப்பும் செய்தேன். பஸ் வருகிற நேரமெல்லாம் ஏதோ வேலை இருப்பதுபோல ஸ்டாண்டுப் பக்கம் போய்வந்தேன். அங்கேயே இருந்துவிட்டால் அவரைக் குற்றம் சொல்ல எனக்கு உரிமை உண்டா என்று நடந்துகொண்டே யோசிப்பேன். அந்த ஏழு மாதத்தில் நடந்தே மூன்று தண்டு தேய்த்தேன். மகள் கேட்டாள், "அப்பா வருவாங்களா?" "வேலையப் பாரு," என்று அவள்மேல் எரிந்து விழுந்தேன். அவள் எட்டு வயதுக்காரியாகத் தெரியவில்லை, என்னைவிடப் பெரியவளாக என்னைப் பார்த்தாள்.

அவர் வந்த அன்று நான் பஸ் ஸ்டாண்டில் இல்லை. தகரத்திலிருந்து செருப்புகளை எடுத்துக்கொண்டிருந்தேன். கறுத்து இளைத்து, ஒரு துணி மூட்டையோடு பட்டறை வாசலில் நின்றார். காய்ச்சலில் படுத்துவிட்டதாகவும், கடிதம் எழுத ஆள் கிடைக்கவில்லை என்றும் சொன்னார். நான் இடுக்கியைக் கீழே வைக்கவில்லை.

"அங்க எல்லாரும் ஒன்னைப் பத்திக் கேட்டாங்க," என்றார்.

"என்ன சொன்னீங்க?"

"வீட்ல நிக்கிறதே இல்ல, எப்பவும் தெருவுலதான்னு சொன்னேன்."

மூட்டையை ஓரமாக வைத்துவிட்டுத் தகரத்துக்குள் எட்டிப் பார்த்தார். தீ அதிகம் என்று ஒரு கொள்ளியை வெளியே இழுத்தார்.